மேட்டுப்பாத்திக்கு மண்ணும் எருவும்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் நம் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் பலருக்கு வீட்டின் பின்புறம் ஐந்து சென்டோ பத்து சென்டோ கொல்லை உண்டு. வயலுக்குக் கடன் பெற்று நெல் விளைவிக்கும் உறுப்பினராயினும், தறியில் அமர்ந்து உழைக்கும் உறுப்பினராயினும், அக்கொல்லையைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்றே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அங்கே கணுக்கால் அளவு நீர் நிற்கிறது. செடியின் வேர் அழுகுகிறது. சித்திரை, வைகாசியில் அதே மண்ணின் மேல் வெண்மையாக உப்புப் பூக்கிறது. நட்ட நாற்று கருகுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களில் மட்டுமே கீரையும் கத்தரியும் கண்ணிற்படுகின்றன. எஞ்சிய நாட்களிற் காய்கறிக்குச் சந்தையையே நம்பியிருக்க வேண்டியதாகிறது. சந்தை விலை ஏறும் மாதங்களும் பெரும்பாலும் அவையே.

இதற்கு மேட்டுப்பாத்தியே தக்க பரிகாரம் என்று பலரும் கூறுகின்றனர். அது உண்மையே. ஆனால் பாத்தியை உயர்த்துவது எளிது. உயர்த்திய பாத்தியை எதனைக் கொண்டு நிரப்புவது என்னும் இடத்திலேதான் பணமும் உழைப்பும் வீணாகின்றன. சங்கங்களின் ஆய்வுக்காக நாம் செல்லும் ஊர்களில் நன்றாக விளைந்த பாத்திகளையும் கண்டிருக்கிறோம். இரண்டு வண்டி மண்ணும் ஒரு வண்டி எருவும் கொட்டி, ஒரு கத்தரிக்காய் கூடப் பறிக்காமற் கைவிடப்பட்ட பாத்திகளையும் கண்டிருக்கிறோம். ஆகையால் இப்பொருளைச் சற்று விரித்தே எழுதுகிறோம்.

மேட்டுப்பாத்தி காவிரிப் படுகைக்குப் புதியதன்று. பாபநாசம் வட்டத்தில் இராஜகிரி, பண்டாரவாடை முதலிய ஊர்களின் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். அகத்தியை வரிசையாக வளர்த்து அதன்மேற் கொடியை ஏற்றுவர். பாத்திகளுக்கு இடையே ஆழ்ந்த வாய்க்கால் எடுப்பர். வாய்க்காலிற் படியும் வண்டலை அவ்வப்போது வாரிக் கொடியின் அடியில் அணைப்பர். நீர் வேருக்கு அருகிலேயே இருக்கும். வேர் நீரில் மூழ்காது. நன்செய்யில் வாழை வைப்போரும் இம்முறையையே கையாளுகின்றனர். உலகில் நீர் தேங்கும் நிலங்களையுடைய மக்கள் யாவரும் ஏறக்குறைய இதே வழியைத்தான் கண்டிருக்கின்றனர். மெக்சிகோ நாட்டார் ஏரிச்சேற்றை வாரி ஏரிக்குள்ளேயே பாத்திகள் எழுப்பிப் பயிரிட்டனர். அவற்றைச் சினாம்பா என்பர். சாவகத் தீவில் மேட்டிற் காய்கறியும் பள்ளத்தில் நெல்லுமாகப் பயிரிடும் முறைக்குச் சோர்ஜான் என்று பெயர். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அந்தமானில், கடல்நீர் புகுந்த தாழ்ந்த வயல்களில், அகன்ற மேடும் ஆழ்ந்த சாலும் மாறி மாறி அமைத்து, மேட்டிற் காய்கறியும் சாலில் நெல்லும் மீனும் வளர்க்கும் முறையைப் அப்போது போர்ட் பிளேயர் எனப்பட்ட நகரிலிருந்த மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பினர்.

அவ்வாழிப்பேரலை நம் மாவட்டத்தை எவ்வாறு தாக்கியது என்பதை இவ்விதழைப் படிப்போருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் உயிர்ச்சேதம் மிகுதியாக நேர்ந்தது இங்கேதான். உயிர்ச்சேதத்தின் துயரத்தில் நிலத்தின் சேதம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. எனினும் அதுவும் சிறிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று புகுந்த கடல்நீர் வயல்களிலும் கொல்லைகளிலும் உப்பை மட்டும் விட்டுச்செல்லவில்லை. கடற்சேற்றையும் மணலையும் படலமாகப் பரப்பிச் சென்றது. அப்படலத்தை வாரி அகற்றுதல், வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கிப் பின் வடித்தல், ஜிப்சம் இடுதல், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல் ஆகியவை அக்காலத்திற் கையாளப்பட்ட முறைகள். இயற்கை வேளாண்மை அறிஞர் கோ. நம்மாழ்வார் அவர்களும் அவருடன் இணைந்த உழவர்களும் கடற்கரைச் சிற்றூர்களில் தங்கிப் பசுந்தாளும் மட்கும் கொண்டு நிலத்தை மீட்க உழைத்தனர். 2005-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தினும் மிகப் பெரிதாகப் பெய்ததும் பேருதவியாயிற்று. இன்னும் பல்லாண்டுக்கு விளையா என்று அஞ்சப்பட்ட வயல்களிற் பல, ஓரிரண்டு ஆண்டுகளிலேயே மீண்டும் நெல் கண்டன.

இதிலிருந்து நாம் அறியவேண்டுவது ஒன்றுண்டு. மண்ணிலுள்ள உப்பு நீரிற் கரைவது, நீரோடு நடப்பது. மேலிருந்து நன்னீர் இறங்கினால் உப்பும் இறங்கும். வடிகால் இருந்தால் வெளியேறும். கீழிருந்து நீர் ஏறினால் உப்பும் ஏறும். நீர் ஆவியாகிப் போக, உப்பு மேலே தங்கிவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலக் களிமண்ணில் நீர் ஏறுகிறது. மேட்டுப்பாத்தியின் நன்மையும் தீமையும் இவ்வொரு செய்தியில் அடங்கியுள்ளன.

நன்மையாவது: பாத்தி உயர்ந்திருப்பதால், மழைக்காலத்தில் உப்பு கீழிறங்கிப் பக்கத்துக் கால்வாயில் வடிந்து போக இடமுண்டு. தீமையாவது: கோடையில் பாத்தியின் மேல் நீர் ஊற்றாமல், கால்வாயில் மட்டும் நீரைக் கட்டி வைத்தால், நீர் பக்கவாட்டிலிருந்து மேலேறிப் பாத்தியின் நடு உச்சியில் உப்பைக் கொண்டு சேர்க்கிறது. சமநிலத்தில் எங்கும் பரந்திருக்க வேண்டிய உப்பு, செடி நிற்கும் உச்சியிலேயே திரண்டு விடுகிறது. பாத்தி அமைத்தும் செடி கருகிற்று என்று குறை கூறுவோரின் பாத்திகளை உற்றுப் பார்த்தால், உச்சியில் வெண்பொருக்கும், சரிவிற் பசுமையான களைகளும் இருக்கக் காணலாம். களை வளரும் இடத்திற் செடியும் வளரும். அத்தகைய பாத்தியில் உச்சியை விட்டுச் சரிவின் தோளில் நடுவதே அறிவுடைமை.

இனி அளவைப் பார்ப்போம். அகலம் நான்கு அடிக்கு மேற்படலாகாது. இருபுறமும் நின்று கை எட்டும் அளவே அகலம். பாத்தியின் மேல் ஏறி மிதித்தால் மண் இறுகி, உயர்த்தியதன் பயனே கெட்டுவிடும். நீளம் கொல்லையின் வசதிப்படி. உயரத்துக்கு ஊருக்கு ஊர் வேறு கணக்கு உண்டு. சென்ற கார்த்திகையில் கொல்லையில் நீர் எவ்வளவு நின்றது என்பதை மதிற்சுவரின் கறையைக் கொண்டோ, வீட்டாரின் நினைவைக் கொண்டோ அறிந்து, அந்த நீர்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நிற்குமாறு உயர்த்த வேண்டும். நம் கடைமடைப் பகுதியில் பெரும்பாலும் ஒன்றரை அடி உயரம் தேவைப்படுகிறது. இரு பாத்திகளுக்கு இடையே இரண்டு அடி நடைபாதை விட்டு, அதனையே கால்வாயாகவும் ஆழப்படுத்தி, தெருவின் வடிகாலோடோ வயலின் வடிவாய்க்காலோடோ சேர்த்துவிட வேண்டும். வடிகால் இல்லாத கொல்லையில் மேட்டுப்பாத்தி அமைப்பது, கிண்ணத்துக்குள் தட்டைக் கவிழ்த்தது போலாகும். நீர் சுற்றி நிற்குமேயன்றிப் போகாது.

பக்கச்சுவருக்கு உறுப்பினர் பலர் செங்கல்லையும் சிமெண்டுக் கட்டியையும் தேடுகின்றனர். அச்செலவு அவசியமானதன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் சாய்த்த தென்னைகள் எத்தனையோ. அவற்றின் அடிமரங்களைக் கிடத்திப் பாத்தி கட்டியவர்கள் உண்டு. பனைமரத் துண்டும் ஆகும். மரம் சில ஆண்டுகளிற் செல்லரித்துப் போகும்; போனால் அதுவும் எருவே. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளை நிறுத்திப் பாத்தி கட்டும் வழக்கம் ஒன்று பரவி வருகிறது. அதன் தூள் மூச்சிற் புகுந்தால் நுரையீரலைக் கெடுப்பது. உணவுப்பயிர் விளையும் இடத்தில், சிறுவர் விளையாடும் இடத்தில், அது வேண்டாம். சுவரே இல்லாமற் சரிவாக மண் அணைத்த பாத்தியும் நன்றாகவே விளையும்; அருகம்புல்லோ வல்லாரையோ சரிவைப் பிடித்துக்கொள்ளும்.

பத்து அடி நீளம், நான்கு அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள ஒரு பாத்திக்கு 60 கன அடி நிரப்புப்பொருள் வேண்டும். இவ்வளவையும் விலைக்கு வாங்கும் மண்ணால் நிரப்புவது வீண் செலவு. அடியில் அரை அடி, அதாவது 20 கன அடியை, கொல்லையிலேயே கிடைக்கும் இலைதழைகளால் நிரப்பிவிடலாம். தென்னை மட்டை, பனையோலை, வாழைச்சருகு, அறுவடைக்குப் பின் எஞ்சும் வைக்கோற்கூளம், எருக்கு, ஆவாரை, புங்கந்தழை, வேப்பந்தழை யாவும் இதற்கு ஏற்றவை. பருமனான மட்டைகள் அடியிலும் மெல்லிய தழைகள் மேலுமாகப் பரப்பி, ஒவ்வொரு படலத்தின் மேலும் சாணக்கரைசல் தெளித்து மிதித்து இறுக்க வேண்டும். இப்படலத்தினாற் செலவு குறைவதோடு மற்றொரு நன்மையும் உண்டு. களிமண்ணின் தொடர்ச்சி அறுபடுவதால், கீழிருந்து உப்புநீர் திரியில் ஏறுவது போல ஏறும் வழி தடைப்படுகிறது. கடற்கரை நிலங்களில் இது பெரிய ஆதாயம். ஆனால் காட்டாமணக்குத் தண்டு, பூவரசங்கொம்பு போல வெட்டிப்போட்டால் துளிர்க்கும் தன்மையுடையவற்றை உலர்த்திய பின்னரே இட வேண்டும். கோரைக்கிழங்கு கலந்த தழையை ஒருபோதும் இடலாகாது. பின்னர் அந்தப் பாத்தி கோரைக்கே உரியதாகிவிடும்.

தழைப்படலத்துக்கு மேலுள்ள ஓர் அடியே செடியின் வீடு. அங்கே 40 கன அடி வேண்டும். மண் மூன்று பங்கு, மணற்பாங்கான பொருள் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு என்பது நம் படுகையின் களிமண்ணுக்கு ஏற்ற கலவை. அதாவது 24 கன அடி மண், 8 கன அடி மணற்பாங்கு, 8 கன அடி எரு. வேதாரண்யம், தோப்புத்துறைப் பக்கத்து மணற்காட்டில் இக்கணக்கு தலைகீழாகும். அங்கே மணல் சேர்க்க வேண்டியதில்லை. குளத்து வண்டலோ களியோ ஒரு பங்கு சேர்த்தாலன்றி நீர் நில்லாது.

மண் எங்கிருந்து வருவது? முதலில் நடைபாதை தோண்டும் மண்ணையே கொள்ளலாம். ஆனால் மேல் ஒரு சாண் மண்ணைத் தனியே குவித்து, அதனையே பாத்தியின் மேற்புறத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அடிமண் உப்பூறியதாகவும் உயிரற்றதாகவும் இருக்கும். விளைகின்ற வயலின் மேல்மண்ணை வெட்டிக் கொல்லைக்குக் கொண்டுவருவோரையும் கண்டிருக்கிறோம். ஒரு பாத்திக்காக ஒரு மா நிலத்தின் வளத்தைக் குறைப்பது கணக்கறியாச் செயல். நன்னீர்க் குளத்து வண்டலே சிறந்தது. ஏரி குளங்களின் வண்டல் மண்ணை உழவர் விலையின்றி எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு 2017 முதல் வழி செய்துள்ளது. 2024 முதல் வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்றாயிற்று. அனுமதியின்றி ஒரு கூடை அள்ளினாலும் அது குற்றமே என்பதை உறுப்பினர்கள் மறத்தலாகாது.

குளம் என்றால் எந்தக் குளம் என்றும் கேட்டறிய வேண்டும். கடுவையாறு, வெட்டாறு முதலியவை கடலோடு கலக்கும் பகுதிகளிற் கோடையில் உப்புநீர் உள்ளே ஏறுகிறது. அந்நீர் புகும் வாய்க்கால்களின் சேறு கண்ணுக்குக் கரிய வண்டலாகவே தோன்றும். தொட்டால் வழுவழுப்பாகவே இருக்கும். அதனைவிடப் பெரிய ஆபத்து இறால் பண்ணைகளிலிருந்து வருகிறது. இறால் பண்ணைகளால் நன்செய்யும் குடிநீரும் உவர்ப்பதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் ச. ஜெகந்நாதன் அவர்கள் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த வரலாற்றை நம் மாவட்டத்தார் அறிவர்.

கடற்கரையை அடுத்த ஓர் ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் சிலர் சங்கத்திற் கடன் பெற்று மேட்டுப்பாத்தி அமைத்தனர். மலிவாகக் கிடைக்கிறதென்று, இறால் குட்டையை ஆழப்படுத்தியபோது வெட்டிய சேற்றை வாங்கிக் கொட்டினர். விற்றவர் அதனை வண்டல் என்றே சொன்னார். பார்வைக்கு அது மிக அழகாகவே இருந்தது. கத்தரியும் மிளகாயும் நட்டுப் பத்து நாட்களில் இலையோரம் காய்ந்தது. நீர் போதவில்லையென எண்ணி நீரை மிகுதியாக ஊற்றினர். ஊற்றிய நீர் ஆழ்குழாயின் உப்புநீர். மூன்றாம் வாரத்தில் ஒரு செடியும் எஞ்சவில்லை. மண்ணை அள்ளிக் கொட்டவும் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. கடனின் தவணையோ தேதி தவறாமல் வந்தது. அதனை அவர்கள் தங்கள் நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து கட்டினர். நல்ல எருவை இட்டிருந்தும், உழைப்பிற் சிறிதும் குறைவில்லாதிருந்தும், மண் ஒன்றினாலேயே யாவும் போயின.

இதனைத் தவிர்க்க இரண்டு சோதனைகள் உள்ளன. முதலாவது, அரசின் மண் பரிசோதனை நிலையம். ஐந்தாறு இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ துணிப்பையிற் கட்டி அனுப்பினால் போதும். முடிவு வரும்போது பலர் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து என்னும் மூன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகின்றனர். நம் பகுதிக்கு முதலிற் பார்க்க வேண்டியது மின்கடத்தும் திறன் என்னும் எண். அது ஒன்றுக்குள் இருந்தால் உப்பைப் பற்றிக் கவலையில்லை. ஒன்றுக்கு மேல் மூன்று வரை இருந்தால் பயிரைத் தெரிந்தெடுத்து நட வேண்டும். மூன்றைத் தாண்டிய மண் பாத்திக்கு ஆகாது. அடுத்தபடியாக அமிலகார நிலை. அது எட்டரைக்கு மேற்பட்டால் மண் களராகியிருக்கக்கூடும். உப்பு வடிந்தாலும் சோடியம் களியைப் பற்றிக்கொண்டு, மழையிற் குழம்பாகவும் வெயிலிற் கல்லாகவும் ஆக்கிவிடும். அங்கேதான் ஜிப்சம் பயன்படும். அதன் சுண்ணாம்புச்சத்து சோடியத்தை விடுவிக்கும். பின்னர் நன்னீர் அதனை வடித்துக்கொண்டு போகும். களரல்லாத வெறும் உவர்மண்ணில் ஜிப்சம் இட்டுப் பயனில்லை. அதுவும் ஓர் உப்பே. எல்லா மண்ணுக்கும் ஜிப்சம் என்று வாங்கி இடுவோர் இதனைக் கருத வேண்டும்.

இரண்டாவது சோதனை வீட்டிலேயே செய்யத்தக்கது. செலவு ஒரு பிடிப் பச்சைப்பயறு. வாங்க எண்ணிய மண்ணில் ஒரு தொட்டியும், நன்றாக விளைந்துவரும் இடத்து மண்ணில் ஒரு தொட்டியும் நிரப்பி, தொட்டிக்கு இருபது பயறு ஊன்றி, இரண்டுக்கும் ஒரே குடிநீரை ஊற்றி வர வேண்டும். பத்தாம் நாளில் எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல மண்ணிற் பதினெட்டு முளைத்து, வாங்கும் மண்ணில் எட்டே முளைத்திருந்தால், அல்லது முளைத்தவற்றின் இலையோரம் காய்ந்திருந்தால், அந்த மண் மலிவாயினும் வேண்டாம். எருவையும் இவ்வாறே சோதிக்கலாம். ஒரு பங்கு எருவை மூன்று பங்கு நல்ல மண்ணிற் கலந்து ஊன்றினால், வேகாத எரு பயற்றின் முளையைச் சுட்டுக் காட்டிவிடும். முன்கூறிய ஊரில் இச்சோதனையைச் செய்திருந்தால் பத்து நாள் தாமதமாகியிருக்கும், அவ்வளவே.

மணற்பாங்குக்கு ஆற்று மணலைத் தேட வேண்டாம். அது கட்டிடத்துக்கே கிட்டாத பொருளாகிவிட்டது. உரிமமின்றி அள்ளுவது குற்றமும் ஆகும். கடல்மணல் எக்காரணம் கொண்டும் ஆகாது. நெல் அரைவை ஆலைகளில் மலைபோற் குவியும் உமியை மூட்டம் போட்டுக் கருக்கி, வெண்சாம்பலாகுமுன் நீர் தெளித்து அணைத்த கருக்குமி களிமண்ணை நெகிழ்விக்க மிகவும் ஏற்றது. முற்றிலும் எரிந்த சாம்பலை மிகுதியாக இட்டால் காரம் ஏறும். தென்னைநார்க் கழிவையும் பயன்படுத்துகின்றனர். பச்சையாகக் கொட்டினால் அது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தான் மட்குவதற்கென உறிஞ்சிக்கொள்ளும், செடி மஞ்சளாகும். உப்பங்கழியில் மட்டை ஊறவைத்த இடத்துக் கழிவாயின் உப்பும் இருக்கும். அதனை இரண்டு மூன்று முறை நன்னீரில் அலசிய பின், டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் படலம் படலமாக இட்டு நிழலில் மட்க வைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது. கரிய நிறமாகி அளவிற் குறைந்த பின்னரே அது எரு.

எருவைப் பற்றி உறுப்பினரிடையே இருவகைத் தவறான எண்ணங்கள் உள்ளன. சாணம் எல்லாம் எரு என்பது ஒன்று. எரு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நன்று என்பது மற்றொன்று.

மாட்டுத்தொழுவத்துக் குப்பை, குழியிற் கிடந்து, நீர் தெளிக்கப்பட்டு, இடையிற் புரட்டப்பட்டு, நான்கைந்து மாதமாவது வெந்தால்தான் எருவாகும். கையில் எடுத்தால் சூடு இருத்தலாகாது. வைக்கோல் வைக்கோலாகத் தெரியலாகாது. நாற்றம் அகன்று, மழைபெய்த மண்ணின் வாசனை வர வேண்டும். வெயிலிற் காய்ந்து வெளுத்துப் போன குப்பை மட்கியதன்று, உலர்ந்தது மட்டுமே. அதில் தழைச்சத்தும் பெரும்பகுதி காற்றோடு போயிருக்கும். எருவைக் கொட்டும்போது வளைந்து சுருண்ட பருத்த வெண்புழுக்கள் தென்பட்டால் பொறுக்கி அழிக்க வேண்டும். பெரும்பாலும் அவை தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் இளம்பருவம். கஜா புயலுக்குப் பின் மீண்டும் தென்னங்கன்று வைத்துக் காத்திருக்கும் நம் உழவர்கள், காய்கறிப் பாத்திக்கு எரு கொணர்ந்து தென்னைக்குப் பகையையும் கூடவே கொணர்வது தகாது.

அளவைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்கறிப் பயிருக்கு ஏக்கருக்கு 10 டன் தொழு உரம் என்பது வேளாண் துறையார் வழக்கமாகச் சொல்லும் அளவு. அக்கணக்குப்படி 40 சதுர அடிப் பாத்திக்கு வருவது சற்றேறக்குறைய 9 கிலோ. ஒரு கூடைக்குக் குறைவே. நாம் மேலே கூறிய கலவையிற் சேரும் 8 கன அடி எருவோ, ஈரப்பதத்தைப் பொறுத்து, 120 கிலோ வரை நிறுக்கும். வயலுக்கு இடுவதைப் போற் பதின்மூன்று மடங்கு! புதிய பாத்தியில் மண்ணுக்கு உயிரூட்ட முதல்முறை இவ்வளவு இடலாம். நன்கு வெந்த எருவாயின் அதற்கு மேல் வேண்டுவதில்லை. பாதிக்குப் பாதி எருவும் மண்ணுமாக நிரப்பிய பாத்திகளில் கீரை தழைத்து வளர்வதும், கத்தரியும் வெண்டையும் இலையாகவே வளர்ந்து காய்க்க மறுப்பதும் நாம் பல ஊர்களிற் கண்டவை. அன்றியும் எருவிலும் உப்பு உண்டு. கோழி எருவில் அது மிகுதி. உவர்ப்பைக் கண்டு அஞ்சிப் பாத்தியை உயர்த்தியவர், எருவின் வழியாக அதனைத் தாமே கொண்டுவந்து வைத்தலாகாது. கோழி எருவைச் சேர்ப்பதாயின் மாட்டெருவில் எட்டில் ஒரு பங்கே போதும். அதுவும் மட்கியதாக இருக்க வேண்டும். பாத்தி ஒன்றுக்கு 2 கிலோ வேப்பம்பிண்ணாக்கைத் தூளாக்கிக் கலப்பது நூற்புழுவுக்கும் கறையானுக்கும் நல்லது.

நெசவாளர் உறுப்பினர்களுக்கு ஒரு சொல். பாவுக்குக் கஞ்சி போட்டு மீந்த கஞ்சிநீரைக் குப்பைக்குழியில் ஊற்றலாம், மட்குதல் விரைவுபடும். சாயமிடாத பருத்திக் கழிவுநூலும் மட்கும். பாலியெஸ்டர் கலந்தது மட்காது. சாயத்தொட்டி நீரை மட்டும் கொல்லைப்பக்கம் விடலாகாது. பருத்தி நூலிற் சாயம் பற்றுவதற்கெனப் பெருமளவு உப்பு அதிற் சேர்க்கப்படுகிறது. கடல் வந்து செய்ததைச் சாயத்தொட்டி சிறுகச் சிறுகச் செய்துவிடும்.

விலைக்கு வாங்குவதிற் கவனிக்க வேண்டுவது அளவு. வண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். வண்டி என்பது அளவன்று. நம் பக்கத்தில் 100 கன அடியை ஒரு யூனிட் என்பர். மேற்கூறிய பாத்திக்கு மண் 24 கன அடியே ஆதலால் ஒரு யூனிட்டில் நான்கு பாத்திகளுக்கு மேலும் வரும். இழுவைப்பெட்டியின் நீள, அகல, உயரங்களை நாடாவால் அளந்து, பெருக்கி, எவ்வளவு யூனிட் என்று எழுதிக்கொண்டு பணம் கொடுக்க வேண்டும். எருவை நிறுத்து வாங்குவோர் மழை பெய்த மறுநாள் வாங்கலாகாது. நீருக்கும் விலை கொடுத்ததாகும். தனி ஒருவர் ஒரு வண்டி வாங்குவதைவிட, தெருவில் ஐந்தாறு உறுப்பினர் சேர்ந்து ஒரே குளத்தின் வண்டலுக்கு அனுமதி கோரி, ஒரே மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி, ஒரே வண்டிக்காரரிடம் பேசினால் கூலி குறைகிறது. சோதனைத் தாளும் கையில் இருப்பதால் விற்பவரிடம் வாதாடத் தேவையில்லை. குழுக்கடன் கோரும் விண்ணப்பத்தோடு அந்தத் தாளையும் வாங்கி வைத்துக்கொள்ளும் செயலாளர்கள் உள்ளனர். விதியில் இல்லையெனினும் நல்ல பழக்கம். கடனும் காக்கப்படுகிறது, கடன்காரரும் காக்கப்படுகிறார்.

வேலையைத் தொடங்கும் காலம் ஆனி, ஆடி. தழையும் மண்ணும் எருவும் நிரப்பிய உடன் காய்கறி நடாமல், தக்கைப்பூண்டு விதையைத் தூவிவிடுவது நலம். அது உப்பையும் தாங்கும், நீரையும் தாங்கும். 45 நாளிற் பூவெடுக்கும் தறுவாயில் அறுத்துப் பாத்தியிலேயே மண்வெட்டியாற் கொத்தி மூடிவிட வேண்டும். இரண்டு வாரம் மட்கவிட்டால் புரட்டாசி பிறந்துவிடும். முதல் மழைகள் பாத்தியின் எஞ்சிய உப்பை இறக்கும். அப்போது கால்வாயின் வாய் அடைபடாமற் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. அவ்வாறு இறங்கிய உப்புநீரைக் கொல்லைக்குள்ளேயே தேக்கினால் மீண்டும் ஏறும்.

முதலாண்டிற் கொத்தவரை, பீட்ரூட், கீரைவகைகள் இவற்றைக் கொண்டு தொடங்குவது பாதுகாப்பானது. இவை உப்பை ஓரளவு பொறுக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் நடுத்தரமானவை. வெங்காயமும் பீன்சு வகையும் சிறிது உவர்ப்பையும் தாங்கமாட்டா; அவற்றை இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்கிவைக்கலாம். தை முதல் பாத்தியின் மேல் வைக்கோலோ சருகோ இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பி மூடிவைத்தால் ஆவியாதல் குறைந்து உப்பு ஏறுவதும் குறையும். பூவாளியால் மேலிருந்தே நீர் விட வேண்டும். நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, இரண்டு நாளுக்கு ஒருமுறை அடிவரை நனையும்படி விடுவது மேல். ஆழ்குழாய் நீர் உவர்ப்பாயின், மழைக்காலத்தில் கூரைநீரைத் தொட்டியிற் பிடித்துவைத்து நாற்றுப் பருவத்துக்காவது பயன்படுத்தலாம்.

முதல் பருவமழை முடிந்தபின் பாத்தி அமிழ்ந்திருப்பதைக் கண்டு சிலர் மனம் தளர்கின்றனர். அடியிலுள்ள தழை மட்குவதால் அது இயல்பே. ஒன்றரை அடிப் பாத்தி நான்கைந்து விரற்கடை இறங்கும். இறங்கிய அளவை அளந்து, நடைபாதைக் கால்வாயிற் படிந்த வண்டலை வாரி மேலே அணைத்து, பாத்திக்கு ஒரு கூடை எருவும் சேர்த்துக் கொத்திவிட்டால் அடுத்த நடவுக்கு அது ஆயத்தம். இரண்டாம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ஒரு கூடையே போதும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரையில் உப்பு மேலேறியிருக்கும் காலத்திற் பாத்தியின் மேல்மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். மார்கழியில் எடுத்த மண் மழையில் அலசப்பட்டதாதலால் உள்ள நிலையைக் காட்டாது.